கைம்முதலும் நட்பும்: அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தொழில் வரலாறு

திருக்குறளின் பொருட்பாலில் 'பொருள்செயல்வகை' 76ஆம் அதிகாரமாகவும் 'நட்பு' 79ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. பொருளையும் நட்பையும் ஒரே பாலில் அருகருகே வைத்து எண்ணியது நம் மரபு. உலக வழக்கிலோ, பணம் இடையில் வந்தால் நட்புக் கெடும் என்பதே பலர் கூற்று. இவ்விரு கருத்துகளுள் எது மெய் என்பதைக் கைம்முதல் சிறிதும் இல்லாத ஒரு சமூகத்தின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பதே முறையாகும். முன்னோர் தேடி வைத்த சொத்து உடையவர்க்கு நட்பு ஓர் அணிகலன். அஃது இல்லாதவர்க்கோ நட்பே முதல்; நட்பே ஈடு.

அத்தகைய சமூகத்துள்ளும் மிகக் கீழே நிறுத்தப்பட்டவர்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கறுப்பினப் பெண்கள். அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழியும் வரை அம்மக்கள் தாமே பிறர் சொத்தாகக் கணக்கில் எழுதப்பட்டனர். நிலத்தையும் நகையையும் ஈடு வைப்பது போல், அடிமைகளை ஈடு வைத்து ஆண்டைகள் கடன் பெற்றனர். கடனுக்கு ஈடாகக் கிடந்த மனிதர், விடுதலைக்குப் பின் தாமே கடன் கேட்டுச் சென்றபோது, "உம்மிடம் ஈடு என்ன உண்டு?" என்னும் கேள்வியை எதிர்கொண்டனர். வரலாற்றில் இதனினும் கொடிய முரண் அரிது.

இவ்வரலாற்றை நாம் கற்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை பயின்ற அண்ணல் அம்பேத்கர், 1946ஆம் ஆண்டில் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியத் தீண்டப்படாதார் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தார் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டி, அவர்தம் நிலையைக் கற்பது இயல்பானது மட்டுமன்று, இன்றியமையாததும் ஆகும் என்னும் கருத்தை அதில் அவர் தெரிவித்தார். அவ்வழி நின்றே இக்கட்டுரை செல்கிறது.

கடன் கொடுத்த நட்பு

எலிசபெத் கெக்லி அம்மையார் 1818இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். தையற்கலையில் தேர்ந்தவர். செயிண்ட் லூயிஸ் நகரில் இவர் தைத்து ஈட்டிய கூலியைக் கொண்டே ஆண்டையின் பெருங்குடும்பம் பசியின்றி வாழ்ந்தது. தமக்கும் தம் மகனுக்கும் விடுதலை வேண்டினார் கெக்லி. ஆண்டையோ ஒரு கால் டாலர் நாணயத்தை நீட்டி, மிசிசிப்பி ஆற்றைப் படகில் கடந்து அடிமை முறையில்லாத மாநிலத்துக்கு ஓடிவிடும்படி கூறினார். கெக்லி அதனை ஏற்கவில்லை. ஓடிப்போனவராக அன்றி, சட்டப்படி விடுதலை பெற்றவராக வாழவே விரும்பினார். இறுதியில் இருவர்க்கும் சேர்த்து 1,200 டாலர் விலை பேசப்பட்டது.

அப்பணத்தைத் திரட்ட நியூயார்க் செல்ல எண்ணினார். திரும்பி வருவார் என்பதற்கு ஆறு கனவான்கள் பொறுப்புக் கையொப்பம் இட வேண்டும் என்பது நிபந்தனை. ஐவர் ஒப்பமிட்டனர். ஆறாமவர் கையொப்பமிட இசைந்தாராயினும், கெக்லி திரும்பி வரமாட்டார் என்றே தாம் கருதுவதாக வெளிப்படையாகக் கூறினார். நம்பிக்கை இல்லாத ஒப்பம் தமக்கு வேண்டா என்று கெக்லி மறுத்துவிட்டார். பயணம் நின்றது. அந்நிலையில், அவரிடம் ஆடை தைத்துவந்த பெண்மணி ஒருவர் தம் தோழியரிடம் பணம் திரட்டித் தர முன்வந்தார். அதனை நன்கொடையாகக் கொள்ளாமல் கடனாகவே கொண்டார் கெக்லி. 1855 நவம்பரில் விடுதலைப் பத்திரம் கைக்கு வந்தது. ஊசி முனையில் உழைத்துக் கடன் முழுவதையும் தீர்த்தார்.

1860இல் வாஷிங்டன் நகர் சென்று சொந்தத் தையலகம் நடத்தினார். பெண்கள் பலருக்கு வேலை அளித்தார். குடியரசுத் தலைவர் லிங்கனின் மனைவி மேரி லிங்கன் அவருடைய வாடிக்கையாளராகவும் பின்னர்த் தோழியாகவும் ஆனார். கணவரை இழந்த மேரி லிங்கன் 1867இல் தம் ஆடைகளை விற்க நியூயார்க் சென்றபோது, கெக்லி தம் தொழிலை விட்டுவிட்டு உடன் சென்று உதவினார். மறுஆண்டு கெக்லி தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட, அந்நட்பு முறிந்தது. வாடிக்கையாளர்களும் விலகினர். 1907இல் வாஷிங்டனில், கறுப்பின ஆதரவற்றோர்க்கான இல்லம் ஒன்றில் அவர் உயிர் நீத்தார்.

இவ்வாழ்க்கை கூறும் செய்தி ஒன்று உண்டு. மேலிருப்பவர் மனமிரங்கித் தரும் நட்பு ஒருவரைத் தூக்கிவிடும். அம்மனம் மாறினால் அதுவே அவரைக் கைவிட்டுவிடும். அதில் நன்றி உண்டு, உரிமை இல்லை.

நம்பிக்கை மோசம் போன வங்கி

தனி மனிதர் நட்பை நம்புவதை விட நிறுவனத்தை நம்புவது மேல் என்று தோன்றலாம். விடுதலை பெற்ற மக்களும் அவ்வாறே கருதினர். 1865 மார்ச்சு 3ஆம் நாள் லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தால் 'விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கி' தோன்றியது. துணி வெளுப்போரும் சமையல் வேலை செய்வோரும் போர்வீரரும் தம் சிறு சேமிப்பை அதில் இட்டனர். அரசே அதற்குப் பொறுப்பு என அவர்கள் நம்பினர். சட்டத்தில் அத்தகைய பொறுப்பு எதுவும் இல்லை.

1870இல் விதிகள் தளர்த்தப்பட்டன. ஏழை மக்களின் பணம் நிலவணிகருக்கும் வங்கியை நடத்தியோரின் நண்பர்களுக்கும் போதிய ஈடின்றிக் கடனாகச் சென்றது. 1873இல் நாடெங்கும் பண நெருக்கடி ஏற்பட்டபோது அக்கடன்கள் திரும்பவில்லை. கறுப்பினத் தலைவர் பிரடரிக் டக்ளஸ் 1874 மார்ச்சில் வங்கித் தலைவராக அமர்த்தப்பட்டு, தம் சொந்தப் பணம் 10,000 டாலரையும் இட்டுப் பார்த்தார். பயனில்லை. அவ்வாண்டு சூன் மாத இறுதியில் வங்கி மூடப்பட்டது. 61,000க்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் முடங்கியது. சிலர் பல ஆண்டுகள் காத்திருந்து ஒரு பகுதியைப் பெற்றனர். பலருக்கு ஒன்றும் கிட்டவில்லை.

இங்கும் ஒரு நட்பு வேலை செய்தது என்பதை மறத்தல் ஆகாது. பணம் இட்டவர் ஒரு கூட்டம். அப்பணத்தால் நண்பர்க்கு உதவியவர் வேறு கூட்டம். கணக்கைப் பார்க்கும் அதிகாரம் பணம் இட்டவர் கையில் இல்லாததே அவ்வங்கியின் அழிவுக்கு வித்தாயிற்று.

வெளுப்புக்காரியின் மகள்

இவ்விரண்டு அனுபவங்களையும் கண்ட தலைமுறையில் தோன்றியவரே மேகி லீனா வாக்கர் அம்மையார். வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் 1864இல் பிறந்தார். தாய் அடிமையாக இருந்தவர். தாயின் கணவர் 1876இல் இறந்தபின், அத்தாய் பிறர் துணிகளை வெளுத்துக் குடும்பம் காத்தார். வெளுத்த துணிக் கூடைகளை வீடு வீடாகக் கொண்டு கொடுப்பது சிறுமி மேகியின் வேலை. 1883இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் தேறி, மூன்றாண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். 1886இல் திருமணம் நடந்தது. மணமான பெண் ஆசிரியப் பணியில் நீடிக்கக் கூடாது என்னும் அக்கால விதியால் வேலை பறிபோயிற்று.

பள்ளி இழந்த ஆசிரியரைச் சங்கம் பெற்றது. 'செயிண்ட் லூக் தற்சார்புச் சங்கம்' என்னும் அமைப்பு, 1867இல் மேரி பிரௌட் என்னும் கறுப்பினப் பெண்மணியால் பால்டிமோர் நகரில் தொடங்கப்பெற்றது. உறுப்பினர் சிறு சந்தா செலுத்துவர். நோயுற்றால் உதவித் தொகை, இறந்தால் அடக்கச் செலவு கிடைக்கும். கறுப்பினத்தார்க்குக் காப்பீடு தர மற்ற நிறுவனங்கள் தயங்கிய காலத்தில், அம்மக்கள் தமக்குத்தாமே அமைத்துக்கொண்ட காப்பு இது. பதினான்கு வயதில் அதில் சேர்ந்த மேகி, 1899இல் அதன் தலைமைச் செயலரானார். அன்று சங்கத்தின் கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கடனோ 400 டாலர். முன்னவர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கே போதுமென ஏற்றுப் பணியில் அமர்ந்தார்.

1901ஆம் ஆண்டு மாநாட்டில் அம்மையார் மூன்று கோரிக்கைகளை வைத்தார்: சங்கத்துக்கு ஒரு செய்தித்தாள், ஒரு வங்கி, ஒரு பெரிய கடை. நம்மவர் உழைத்த காசு மாலைக்குள் மற்றவர் பெட்டிக்குப் போய்விடுகிறது; அக்காசையே நம்மிடம் சேர்த்து, நம்மவர்க்கே கடனாகக் கொடுத்தால் அது பெருகும் என்பது அவர் வாதம். 1902இல் செய்தித்தாள் வெளிவந்தது. வங்கித் தொழிலைக் கற்க, ரிச்மண்டில் வெள்ளையர் நடத்திய வங்கி ஒன்றுக்கு நாள்தோறும் சில மணி நேரம் சென்று அமர்ந்து அதன் நடைமுறையைப் பயின்றார்.

1903 நவம்பர் 2ஆம் நாள் 'செயிண்ட் லூக் பென்னிச் சேமிப்பு வங்கி' திறக்கப்பட்டது. பென்னி என்பது ஒரு சென்ட் நாணயம். ஒரு டாலரில் நூறில் ஒரு பங்கு. முதல் நாளில் ஏறத்தாழ 280 பேர் 8,000 டாலருக்கு மேல் வைப்புச் செய்தனர். நூறு டாலருக்கு மேல் கொண்டு வந்தவர் இருந்தனர். வெறும் 31 சென்ட் கொண்டு வந்து கணக்குத் தொடங்கியவரும் இருந்தார். அமெரிக்க நாட்டில் வங்கி ஒன்றை நிறுவி அதன் தலைவராக அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் என்னும் பெருமை மேகி வாக்கரைச் சேர்ந்தது.

நட்பு கணக்கேடாக மாறியது

இவ்வங்கியின் தனிச் சிறப்பு என்ன? சங்கத்தின் கிளைகள் ஒவ்வொன்றும் அயலார் பலர் கூடும் கூட்டம். எவர் நாணயமானவர், எவர் வீட்டில் நோய், எவருக்கு எப்போது கூலி கிடைக்கும் என்பனவெல்லாம் உறுப்பினர் ஒருவரையொருவர் நன்கறிவர். அயலார் வங்கி ஈடு கேட்டது. இவ்வங்கியோ ஈட்டோடு ஆளையும் அறிந்திருந்தது. எனினும் அறிமுகம் ஒன்றையே நம்பி அது பணத்தை வாரி வழங்கவில்லை. ஒவ்வொரு சென்ட்டும் ஏட்டில் ஏறியது. இயக்குநர் குழுவில் பெண்கள் இடம்பெற்றனர். சங்கத்தின் அலுவலகத்திலும் அச்சகத்திலும் வங்கியிலும் கறுப்பினப் பெண்கள் எழுத்தராகவும் கணக்கராகவும் அமர்ந்தனர். சலவைத் தொட்டியும் அடுக்களையும் அன்றி வேறு வேலை காணாத நகரில், அவர்கள் கையில் பேனாவைக் கொடுத்தது இச்சங்கம். சிறுவர் காசு சேர்க்க உண்டியல் பெட்டிகளும் வழங்கப்பட்டன.

வங்கி பெரும்பாலும் எதற்குக் கடன் கொடுத்தது? வீடு வாங்க. 1920ஆம் ஆண்டுக்குள் 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதன் துணையால் சொந்த வீடு பெற்றன. வாடகைக்குப் போன காசு சொத்தாக நின்றது. அச்சொத்து அடுத்த தலைமுறைக்கு ஈடாகவும் பயன்படும்.

எல்லாம் வெற்றியே என எழுதுவது வரலாறாகாது. 1905இல் ரிச்மண்டின் பெரிய கடைத்தெருவில் சங்கத்தின் துணிக்கடை திறக்கப்பட்டது. விற்பனைப் பணியில் கறுப்பினப் பெண்களே அமர்த்தப்பட்டனர். வெள்ளை வணிகர் முதலில் அக்கட்டடத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்வதாக ஆசை காட்டினர்; அது பலிக்காதபோது, கடைக்குச் சரக்கு அனுப்பாதிருக்க மொத்த வணிகரை நெருக்கினர். அதனினும் நோவு தருவது, கறுப்பின மக்களிலேயே பலர் அக்கடைக்கு வாராமல் வெள்ளையர் கடைகளையே நாடிச் சென்றதாகும். அம்மையார் மேடைதோறும் இடித்துரைத்தும் பயன் சிறிதே. ஆறேழு ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. சேமிப்பதற்கு ஒற்றுமைப்படுவது எளிது; வாங்குவதிலும் ஒற்றுமைப்படுவது அரிது என்பதை அது காட்டியது.

அதே ரிச்மண்டில் 1889 முதல் இயங்கிய மற்றொரு கறுப்பினச் சங்கத்தின் வங்கி 1910இல் வீழ்ந்தது. அதனை ஒட்டி, சங்கத்தையும் வங்கியையும் பிரித்துத் தனித்தனிக் கணக்கு வைக்குமாறு மாநிலச் சட்டம் பணித்தது. செயிண்ட் லூக் வங்கி அதற்கு உட்பட்டுத் தன்னைத் திருத்தியமைத்துக்கொண்டது. 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் நாடெங்கும் ஆயிரக்கணக்கான வங்கிகள் மறைந்தன. மேகி வாக்கரோ 1930ஐ ஒட்டி ரிச்மண்டின் மற்றக் கறுப்பின வங்கிகளைத் தம் வங்கியோடு இணைத்து ஒரே வங்கியாக்கினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அதன் குழுத் தலைவராக இருந்து, 1934 டிசம்பர் 15ஆம் நாள் மறைந்தார். அவ்வங்கி 2005ஆம் ஆண்டு வரை கறுப்பினத்தார் கையிலேயே இயங்கியது. அதன் பின்னரே வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

தனித்து நின்ற முயற்சி

இதே காலத்தில் வேறு வழியில் உயர்ந்தவர் மேடம் சி. ஜே. வாக்கர் அம்மையார். மேகி வாக்கர்க்கு இவர் உறவினர் அல்லர், பெயர் ஒற்றுமையே. லூயிசியானாவில் 1867இல் பிறந்து, ஏழு வயதில் பெற்றோரை இழந்து, இருபது வயதில் கைம்பெண்ணாகி, கைக்குழந்தையோடு செயிண்ட் லூயிஸ் வந்து துணி வெளுத்துப் பிழைத்தவர். அங்கே கறுப்பினத் திருச்சபைப் பெண்கள் அவருக்கு ஆதரவளித்தனர். ஆனி டர்ன்போ என்னும் கறுப்பினப் பெண்மணி தயாரித்த கூந்தல் மருந்தை வீடு வீடாக விற்றுத் தொழில் பழகினார். பின்னர்த் தாமே தனித் தயாரிப்புத் தொடங்கினார். வங்கிக் கடனை எதிர்பார்த்து நிற்காமல், விற்ற காசையே முதலாக்கித் தொழிலை வளர்த்து, 1910இல் இண்டியானாபோலிசில் தொழிற்சாலை கண்டார். அவ்விரு பெண்மணிகளும் பின்னர்த் தொழிற்பகைவராயினர் என்பதையும் மறைத்தல் கூடாது.

1912இல் சிகாகோவில் கூடிய தேசிய நீக்ரோ வணிகக் கழக மாநாட்டில் பேச அவர் வாய்ப்புக் கேட்டார். தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவரைக் கண்டும் காணாதவராக இருந்தார். இறுதி நாளில் அம்மையார் தாமே எழுந்து, பருத்திக் காட்டிலிருந்தும் சலவைத் தொட்டியிலிருந்தும் தாம் உயர்ந்த கதையை அவையோர்க்கு உரைத்தார். மறுஆண்டு அதே கழகம் அவரை முறையாக அழைத்துப் பேசச் செய்தது. பெண்ணுக்குத் தடை வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. தன் இனத்து ஆடவரின் அவையிலும் அது உண்டு. 1917இல் பிலடெல்பியாவில் அவருடைய விற்பனைப் பெண்கள் 200 பேருக்கு மேல் மாநாடாகக் கூடினர். தனியே தொடங்கியவரும் இறுதியில் கூட்டத்தையே நாடினார் என்பது நோக்கத்தக்கது.

சட்டம் வந்தது, ஈடு வரவில்லை

1930களில் அரசு சார்ந்த வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் தீட்டியபோது, கறுப்பினத்தார் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு வண்ணம் பெற்றன; கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்பது அதன் பொருள். வீட்டின் மதிப்பு தாழ்ந்தது. வீட்டை ஈடு வைத்துத் தொழில் தொடங்கும் வழியும் அடைபட்டது. பால் வேற்றுமை பார்த்துக் கடன் மறுப்பதைத் தடுக்கும் சட்டம் 1974இல்தான் பிறந்தது. நிறவேற்றுமையை அதில் சேர்த்தது 1976ஆம் ஆண்டுத் திருத்தம். அதன் பின்னும் சில மாநிலங்களில், பெண் தொழிற்கடன் பெற வேண்டின் ஆடவர் ஒருவரின் கையொப்பம் வேண்டப்பட்டது. அதனை ஒழித்தது 1988ஆம் ஆண்டுச் சட்டம். கெக்லி அம்மையார் ஆறாவது கையொப்பத்தை மறுத்து 130 ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரே, அவர் வழிவந்த பெண்கள் தம் ஒப்பத்தாலேயே கடன் பெறும் உரிமை எய்தினர்.

உரிமை வந்தபின் தடை நீங்கியதா? புதுத் தொழில் தொடங்குவோர் முதற்பணத்தைப் பெறுவது குடும்பத்தாரிடமும் நண்பரிடமுமே என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்நண்பர் கையில் பணம் இருந்தால்தானே கொடுப்பர்? அமெரிக்க மைய வங்கி 2022இல் எடுத்த கணக்கின்படி, வெள்ளையர் குடும்பங்களின் நடுநிலைச் செல்வம் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களுக்கு அது 44,900 டாலர். அன்பில் இருவரும் நிகர். கைம்முதலில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. புது நிறுவனங்களில் பெரும்பணம் இடும் முதலீட்டாளரிடமிருந்து கறுப்பினப் பெண்களுக்குக் கிட்டுவதோ அண்மை ஆண்டுகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே.

இக்குறையை நீக்க, அட்லாண்டா நகரில் கறுப்பினப் பெண்கள் சிலர் 2019இல் 'அச்சமிலா நிதி' என்னும் பொருள்படும் முதலீட்டு நிறுவனத்தை அமைத்தனர். கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களுக்கு 20,000 டாலர் கொடை வழங்கும் திட்டம் ஒன்றையும் அது நடத்தியது. 2023 ஆகஸ்டில் எதிர்ப்புக் குழு ஒன்று வழக்குத் தொடுத்தது. அவ்வழக்குக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட சட்டம் எது? விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒப்பந்த உரிமை அளிக்க 1866இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம்! 2024 சூன் மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்னும் பெரும்பான்மையில் திட்டத்துக்குத் தடை விதிக்கக் கூறியது. அவ்வாண்டு செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு மக்களைக் காக்கப் பிறந்த சட்டம் அம்மக்களின் கையையே கட்டியது.

வரலாறு தரும் பாடம்

மேலே கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோமாயின், நட்பு பணத்தால் கெடும் என்னும் உலக வழக்குப் பாதி உண்மையே என்பது விளங்கும். கணக்கில்லாத பணமே நட்பைக் கெடுப்பது. மேலிருப்பவரின் இரக்கம் கெக்லிக்கு நிலைக்கவில்லை. பணம் இட்டவர் பார்க்க இயலாத ஏடு விடுதலை பெற்றோர் வங்கியை வீழ்த்தியது. நிகரானவர் கூடி, காசு காசாகச் சேர்த்து, அக்கணக்கைத் தம் கண்முன்னே வைத்திருந்த சங்கமோ நூறாண்டு நின்றது. நன்கொடையாகத் தரப்படுவதை ஒரு வழக்கு நிறுத்திவிடலாம். உறுப்பினர் தமக்குள் சேர்த்த சேமிப்பை நிறுத்துதல் அத்துணை எளிதன்று. அதற்காக அரசிடம் நீதி கேட்பதை விட்டுவிட வேண்டும் என்பதன்று. சட்டத்துக்காகப் போராடும் காலத்தும் சங்கத்தின் ஏடு மூடப்படலாகாது என்பதே கருத்து.

மற்றொன்றும் நாம் எண்ணுதற்குரியது. மேகி வாக்கர் வங்கியாளராவதற்கு முன் ஆசிரியர். எழுத்தும் எண்ணும் அறிந்த வெளுப்புக்காரியின் மகள் ஒருத்தி இருந்தமையால் அன்றோ 31 டாலர் கையிருப்பு ஒரு வங்கியாயிற்று? கல்விக்கென ஒரு சமூகம் கூடிச் சங்கம் அமைக்கும்போது, தேர்வில் தேறும் மாணவரை மட்டும் அது உருவாக்குவதில்லை. நம்பிக்கையோடு பிறர் காசைக் கையில் ஏற்று, நாணயத்தோடு கணக்குக் காட்டும் மக்களையும் உருவாக்குகிறது. நம் பெண்மக்கள் அவ்வேட்டின் முன் அமரும் நாள் விரைந்து வருக. 31 சென்ட் கொண்டு வந்தவருக்கும் ரிச்மண்டில் அன்று ஒரு கணக்குத் தொடங்கப்பட்டது. சிறு தொகை என்று எவரும் திருப்பி அனுப்பப்படவில்லை.